ஹையட்ஸ்வில்லுக்கு வந்த மாடுகள்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் நாலே முக்காலுக்குத்தான் வந்தார்கள். அதற்குள் வில்மா இரண்டு தடவை மக்காச்சோள மாவு பிசைந்துவிட்டாள். பாலாடைக்கட்டியும் மசித்த சிவப்புப் பயறும் உள்ளே வைத்துத் தட்டிச் சுட்ட புபூசா அறுபது தயாராக இருந்தது. பன்றிக்கறி வைக்கவில்லை. வருகிறவர்கள் தொடமாட்டார்கள் என்று கீழ்த்தளத்தில் குடியிருக்கும் கெமுண்டோ முன்னமே சொல்லியிருந்தாள். அவர்கள் சபையில் காபியும் ஆகாதாம். காபி இல்லாமல் ஒரு பெண்கேட்பு எப்படி நடக்கும் என்று வில்மாவுக்கு விளங்கவில்லை.

அவள் கணவர் ருட்டிலியோ அர்குவெதா முன்னறைச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். வெறும் விரல் பட்டாலே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டை வங்கியிடமிருந்து வாங்கியபோது சுவரே கிடையாது, மரச்சட்டங்கள் மட்டும் நின்றன. ஜிப்சம் பலகை அடித்தது, இடுக்குகளில் காகித நாடா ஒட்டியது, மூன்று கை பட்டி பூசி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது எல்லாம் அவர்தான். ஊர் வீடுகளுக்குப் பட்டி பார்த்துவிட்டு வந்து, ஞாயிறு ஞாயிறாகத் தன் வீட்டுக்குப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்து விரல்ரேகை அழிந்துபோயிற்று. பதினெட்டு மாதத்துக்கொரு தடவை இந்த நாட்டில் தங்கும் அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கப் போகும்போது, அலுவலகத்திலிருக்கும் பெண் அவருடைய கட்டைவிரலை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியில் அழுத்துவாள்.

அந்தச் சீட்டு பூகம்பத்தால் வந்தது. அவர்கள் நாடான எல் சால்வடோரில் பூமி ஆடிய வருஷம், இங்கே ஏற்கெனவே இருந்தவர்களைத் திருப்பி அனுப்பவேண்டாம் என்று தற்காலிகமாகக் கொடுத்தார்கள். தற்காலிகம் பதினேழு வருஷம் ஓடிவிட்டது. இந்த ஜனவரியில்தான், அடுத்த வருஷம் செப்டம்பரோடு முடிவு என்று அறிவித்தார்கள். அதற்கப்புறம் அவரும் வில்மாவும் என்ன ஆவார்கள் என்று வக்கீலுக்கும் தெரியவில்லை. மகள் சியோமாரா இங்கே பிறந்தவள். அவளை யாரும் அசைக்க முடியாது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. நாங்கள் போய்விட்டால் இவள் யாரோடு இருப்பாள்?

கெமுண்டோவின் தம்பி ஒம்பாட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்காவைப் பார்க்க வந்தவன், கீழ்த்தளத்திலிருந்து மேலே பதினொரு படி ஏற மூன்று வருஷம் எடுத்துக்கொண்டான். சியோமாராவைக் கேட்டால் இரண்டு வருஷம் என்பாள். நல்ல பையன். நல்ல பையனின் ஆட்கள் எப்படியோ என்பதுதான் ருட்டிலியோவின் கவலை.

ஆட்கள் ஐந்து பேர் வந்தார்கள். ஆண்கள் கோட்டு போட்டிருந்தார்கள். தலைமையாக வந்த மொகாகா நெடிய மனிதர். வணிகவியலில் இரண்டு பட்டம் வாங்கியவர், விமான நிலையத்துக்கு வேன் ஓட்டுகிறார் என்று கெமுண்டோ சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை பேசக் கூடாதாம். அவன் கதவோரம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத இங்கிலீஷில் பேச்சு நடந்தது.

"ஐயா, ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றோம்" என்று ஆரம்பித்தார் மொகாகா.

"தெரியும். பால்டிமோர் ரோட்டுல இன்னைக்கு நெரிசல்."

"அந்தத் தூரமில்லைங்க. எங்க நாட்டுக் கிசியிலேர்ந்து."

அடுப்படியில் வில்மா சிரிப்பை அடக்குவது கேட்டது. மொகாகா கோட்டுப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"உங்க வீட்டுல பொண்ணு இருக்கு, எங்க வீட்டுல பையன் இருக்கான். பிள்ளைக ரெண்டும் பேசி முடிச்சிட்டு நம்மளைப் பேச விட்டுருக்குதுங்க. எத்தனை மாடுன்னு நீங்க சொல்லணும், மாட்டுக்கு ஒரு குச்சி வைப்போம்."

"என்ன மாடு?"

"பசுமாடுங்க. காளை ஒண்ணு தனியா. ஆடு அப்புறம் பேசிக்கலாம்."

ருட்டிலியோவுக்குக் காது சூடாகியது. கதவிடுக்கில் மகளின் நீலப் பாவாடை தெரிந்தது. பட்டி பூசுகிறவன்தானே, விலை சொன்னால் கொடுத்துவிடுவான் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தத் தெருவில் சொந்த வீட்டுக்காரன் எப்படிப் பேசவேண்டுமோ அப்படிப் பேசினார்.

"ஐயா, எம்பொண்ணு விலைக்கு இல்லை. மாடும் வேணாம், ஆடும் வேணாம். சும்மாவே கூட்டிட்டுப் போங்க. இப்ப எந்திரிச்சு சாப்பிட வாங்க."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சும்மாவா?" என்றார் மொகாகா.

"சும்மா."

"ஒண்ணுமே கேக்கமாட்டீங்களா?"

"ஒண்ணுமே."

மொகாகா தீப்பெட்டியை எடுத்து மெதுவாகப் பைக்குள் போட்டார். கூட வந்த இரண்டு பெண்களும் கைப்பையைத் தோளில் மாட்டினார்கள். எல்லாரும் அவருக்குக் கைகொடுத்தார்கள். மரியாதையாகத்தான் கொடுத்தார்கள், துக்க வீட்டில் கொடுப்பதுபோல. கார் இரண்டும் தெருமுனை திரும்பும்வரை வில்மா தட்டோடு வாசலில் நின்றாள்.

"அறுபது" என்றாள் உள்ளே வந்து. "ஒண்ணைக் கிள்ளிக்கூடப் பாக்கலை. ஏய்யா, நீ என்னத்தைச் சொன்ன?"

"நல்லதுதான் சொன்னேன். ஒண்ணும் வேணாம்னேன். அதுக்கு மேல ஒரு தகப்பன் என்ன சொல்லணும்? படிச்ச திமிரு. கூலிக்காரன் வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு போறானுங்க."

"கூலிக்காரன் வீட்டுக் கீழதான அவங்க வீட்டுப் பொண்ணு ஆறு வருஷமா குடியிருக்கு?"

"அதுவும் டீச்சராம். ஊருல கணக்கு டீச்சர்!"

சியோமாரா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் போன். முகம் கழுவியதுபோல நனைந்திருந்தது.

"ஒம்பாட்டியோட பெரியவங்க சொல்லிட்டாங்களாம். என்னை உங்களுக்கும் வேண்டாம், அவங்களுக்கும் தர இஷ்டமில்லைன்னு. அப்படியாப்பா சொன்னீங்க?"

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்?"

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் மூன்று நாள் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம்தான் கேட்டது. திங்கட்கிழமைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. தெருவில் ஆறு வீட்டார் எல் சால்வடோரின் சலடெனாங்கோவில் ஒரே குக்கிராமத்திலிருந்து வந்தவர்கள். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும் வண்டியில் அவருடைய ஆட்கள், "டான் ருட்டிலியோ, மாட்டை எங்க கட்டப் போறீங்க? கார் நிறுத்துற இடத்துலயா?" என்று, பெரியவர்களுக்கு வைக்கும் 'டான்' மரியாதை மாறாமலே, கேட்டுச் சிரித்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

புதன்கிழமை பனி கொட்டியது. வசந்தம் பிறந்து மறுநாள் கொட்டிய பனி. வேலை இல்லை. முன்னறையில் வெளிச்சம் கீழிருந்து மேலே வருவதுபோல் இருந்தது. நாலு நாளாக ஒரு கிழவியம்மாளைப் பார்த்துக்கொள்ள வெளியூர் போயிருந்த கெமுண்டோ அந்தப் பனியில்தான் திரும்பினாள். ஈர பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேராக மேலே ஏறி வந்தாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை நான் அங்க இருந்திருந்தா உங்க வாயைப் பொத்தியிருப்பேன்."

"வா டீச்சர். நீயும் திட்டு."

"திட்டலை. அக்கா, எனக்கு டீ போடுங்க, பால் நிறைய." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நான் இந்த வீட்டுக்கு வந்த முத வாரம் உங்க மாவுல உகாலி கிண்டினேனே, நினைவிருக்கா?"

வில்மா சிரித்துவிட்டாள். அவர்கள் ஊர்க் களிக்குப் பச்சை மக்காச்சோள மாவு வேண்டும். வில்மா வீட்டிலிருந்தது சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவு. கிண்டக் கிண்டக் கரண்டியோடு சட்டி எழும்பி வந்தது. ருட்டிலியோ ஒரு விரல் தொட்டுப் பார்த்து, "இதை வச்சு ஒரு சுவரே முடிச்சிடலாம்" என்று சொல்லியிருந்தார்.

"உங்களுக்கும் சோளம், எங்களுக்கும் சோளம், அப்புறம் என்னன்னு நினைச்சேன்" என்றாள் கெமுண்டோ. "நீங்க ஞாயித்துக்கிழமை கிண்டினது அதே மாதிரிதான் அண்ணே. மாடு கொடுக்காம கூட்டிட்டு வந்த பொண்ணை எங்க ஊருல கல்யாணம் ஆனவன்னே சொல்லமாட்டாங்க. வழியில கிடந்ததை எடுத்துட்டு வந்தான்பாங்க. அவ பெத்த பிள்ளை சண்டைபோட்டா, உங்கம்மாவுக்கு எத்தனை மாடு வந்துச்சுன்னு கேப்பாங்க. சும்மா கூட்டிட்டுப் போன்னு ஒரு தகப்பன் சொன்னா, ஒண்ணு பொண்ணை வெறுத்துட்டான், இல்லை எங்களைக் கேவலப்படுத்துறான். அதுக்கு மேல உக்காந்து சாப்பிட முடியுமா?"

"விக்கிறதுல்ல அது?"

"விக்கிறதுன்னா வித்தவன் காசை எண்ணிட்டுப் போயிருவான். இதுல போக முடியாது. அதுதான் இதுல விசேஷம்."

வில்மா டீயை வைத்தாள். "எங்காளுக்கு வேற நெனப்பு. நீங்க எல்லாம் படிச்சவங்க, எங்களை மதிக்கலைன்னு."

கெமுண்டோ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எங்காளுக ஒவ்வொருத்தரும் சர்டிபிகேட் கட்டோட விமானத்துல வந்தோம். உங்காளுக ஒத்தச் செருப்போட நடந்து வந்தீங்க. இப்பப் பாருங்க, சர்டிபிகேட் கீழ்த்தளத்துல வாடகைக்கு இருக்கு. ஒத்தச் செருப்பு மேல சொந்த வீட்டுல இருக்கு. மொகாகா அண்ணன் இந்தச் சுவரைப் பாத்துட்டு வண்டியில என்ன சொன்னாரு தெரியுமா? 'நம்மாளு ஒருத்தனுக்கு ஆணி அடிக்கத் தெரியுமா'ன்னாராம், தம்பி சொன்னான்."

"அவரா சொன்னாரு?"

"அவர்தான். உங்காளுக்கு வேலை போனா அடுத்த வீட்டுக்காரன் வண்டியில ஏத்திக்கிறான். நாங்க மூணு மாகாணத்துல சிதறிக் கிடக்கோம். ஒருத்தன் வேன் ஓட்டுறது இன்னொருத்தனுக்குத் தெரியக் கூடாதுன்னு கோட்டு போட்டுக்கிட்டுக் கோயிலுக்கு வர்றோம்."

"மேல இருக்கிற செருப்பை அடுத்த வருஷம் வெளிய வீசப் போறானாம் டீச்சர்" என்றார் ருட்டிலியோ. "உனக்கு நிரந்தரமா இருக்க அட்டை இருக்கு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். வெளியே பனி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. "குடியேற்ற லாட்டரியில விழுந்த அட்டை அண்ணே. நான் ஒண்ணும் கிழிக்கலை. உங்க நாட்டுக்காரங்க அந்தச் சீட்டுப் போடவே முடியாதாம். ஏற்கெனவே நிறைய பேர் வந்துட்டீங்களாம். ஒரு பேர் எழுதிப் போட்டேன், விழுந்துச்சு. நீங்க இந்த ஊருல பாதி வீட்டுக்குச் சுவர் வச்சிருக்கீங்க, விழலை. இதுக்கு எந்தக் கணக்கு டீச்சராலும் கணக்குச் சொல்ல முடியாது."

சியோமாரா எப்போது வந்து படியில் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

"இப்ப என்ன செய்யணும்?" என்று வில்மாதான் கேட்டாள்.

"அவங்க மறுபடி படி ஏறமாட்டாங்க. அண்ணன்தான் கூப்பிடணும். கூப்பிட்டு, மாடு வேணும்னு வாய்விட்டுக் கேக்கணும்."

மறுநாள் புதுவீடு ஒன்றில் வேலை. கூரை உயரம் அதிகம். ருட்டிலியோ முழங்கால்வரை வாரிழுத்து அலுமினியப் பொய்க்காலைக் கட்டிக்கொண்டு எழுந்தார். இந்த வயதிலும் ஏணி அவருக்கு ஆகாது. பொய்க்காலில் நின்றால் தலை கூரைக்கு ஒரு சாண் கீழே இருக்கும், கை தன்பாட்டுக்குப் பட்டியை இழுத்துக்கொண்டு போகும். வெள்ளைத் தூள் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. கதவு வைக்காத அறைகள், ஒன்றுக்குள் ஒன்றாக வெள்ளையாகத் தெரிந்தன. வெளியே உருகாத பனியும் அதே வெள்ளை. மத்தியானத்துக்கு மேல் எது உள்ளே, எது வெளியே என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று.

அப்போது மாடுகள் வந்தன. கதவு வைக்காத வாசல் வழியாக முதலில் ஒரு சிவப்பு, பின்னால் இரண்டு சாம்பல். அவசரமில்லாமல், மேய்ந்துவிட்டுத் திரும்பும் மாடுகள் போல, அவருடைய இரண்டு பொய்க்கால்களுக்கும் நடுவே புகுந்து போயின. குளம்புச் சத்தமே இல்லை, தரையில் அவ்வளவு தூள். மேலேயிருந்து பார்க்க முதுகெலும்பு வரிசை மட்டும் தெரிந்தது. ஒரு முதுகில் கை வைக்கலாம் என்று குனிந்தார். சமநிலை தப்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாச்சு டான்?" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லை."

கீழே இறங்கவில்லை. அப்படியே நின்று, கூரையில் தலை முட்டாமல் சாய்த்துக்கொண்டு, போனை எடுத்து மொகாகாவைக் கூப்பிட்டார்.

"ஐயா, நான் சியோமாரா அப்பா. ஞாயித்துக்கிழமை வாங்க. மாடு வேணும்."

அந்தப் பக்கம் வண்டியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. "எத்தனை?"

"அதைப் போன்ல சொல்லமாட்டேன்."

மொகாகா பெரிதாகச் சிரித்தார். "இப்பத்தான் ஐயா நீங்க பொண்ணைப் பெத்தவரா பேசுறீங்க."

இருபத்தைந்தாம் தேதி குருத்தோலை ஞாயிறு. வில்மா பூசையிலிருந்து கொண்டுவந்த ஓலையைக் கதவுக்குமேல் செருகினாள். இந்தத் தடவை நாலு பத்துக்கே வந்துவிட்டார்கள். தீப்பெட்டி மேசைக்கு வந்தது.

"பன்னெண்டு" என்றார் ருட்டிலியோ.

மொகாகா நெஞ்சில் கைவைத்தார். "ஐயா! பையன் நர்ஸு. ராஜா இல்லை."

"பொண்ணு எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு."

"மூணு."

"மூணு மாட்டுக்கு எங்க ஊருல பூனைகூடத் தரமாட்டோம்" என்றாள் வில்மா அடுப்படியிலிருந்து. வந்திருந்த பெண்கள் இரண்டு பேரும் கைதட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி எழுந்து அடுப்படிக்கே போய்விட்டாள்.

அரைமணி நேரம் அப்படி ஏறி இறங்கியது. கேட்கக் கேட்க ருட்டிலியோவுக்கு ருசி பிடித்துவிட்டது.

"சரி, நாலுன்னே வைங்க. எத்தனை ஈத்து கண்ட மாடு? பல் எத்தனை? வேளைக்கு எவ்வளவு கறக்கும்?"

மொகாகா விழித்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"நான் எட்டு வயசுல ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்குப் போனவன் ஐயா" என்றார் மொகாகா. "எனக்குத் தீக்குச்சிதான் தெரியும்."

"மாட்டைப் பத்தித் தெரியாமயா மாடு பேச வந்தீங்க?"

"இங்க வந்த இருபது வருஷத்துல பதினாலு கல்யாணம் பேசியிருக்கேன். ஒருத்தரும் பல்லைக் கேக்கலை."

ருட்டிலியோ சிரித்தார். அந்த நெடிய மனிதரை அவருக்கு முதல்முறையாகப் பிடித்துப்போயிற்று. மேசைமேல் குனிந்து, பல்லைப் பார்த்து வயது சொல்வது எப்படி, மடியை எங்கே தொட்டுப் பார்க்கவேண்டும், கொம்படியில் வளையம் எண்ணுவது எப்படி என்று சொல்லிக்கொண்டு போனார். உள்நாட்டுச் சண்டை வந்து ஊரைவிட்டு ஓடிய பதினாறு வயதுவரை மாட்டுக்குப் பின்னால்தான் திரிந்தார். இதையெல்லாம் மகளுக்குக்கூட அவர் சொன்னதில்லை. இரண்டு பட்டம் வாங்கிய மொகாகா தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். கெமுண்டோ நடுநடுவே, "அப்பாகிட்ட ஏழு நிக்குது, அதுல சிவப்பு ரெண்டும் நல்ல கறவை" என்று சேர்த்துச் சொன்னாள்.

நாலு தீக்குச்சி மேசைமேல் வரிசையாக வந்தது.

"பொண்ணைப் பெத்தவர் வந்து மாட்டைப் பாத்துப் பிடிக்கணும். அது முறை" என்றார் மொகாகா. "எப்ப கிளம்புறீங்க?"

ருட்டிலியோ வேகமாகப் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். வில்மா அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள்.

"என்னால வர முடியாது ஐயா. இந்த நாட்டைவிட்டு வெளிய காலை வச்சா, திரும்ப உள்ள விடுவாங்கன்னு நிச்சயமில்லை. எங்க பேப்பர் அடுத்த செப்டம்பரோட முடியுது. அப்புறம் இங்கயும் இல்லைன்னா எங்கேன்னு தெரியலை." கதவோரம் இருந்த ஒம்பாட்டியைப் பார்த்தார். அவனுக்கு அது தெரியும் என்று அவன் முகத்திலிருந்து தெரிந்தது. "அதைச் சொல்லாம பொண்ணைக் கொடுத்தேன்னு நாளைக்குச் சொல்லக் கூடாது. நாங்க போயிட்டா இவளுக்கு இங்க ஒருத்தரும் இல்லை. அதையும் சொல்லிட்டேன்."

மொகாகா தீப்பெட்டியைத் திறந்து ஐந்தாவதாக ஒரு குச்சியை எடுத்தார். மேசைமேல் வைக்காமல் விரலுக்கிடையில் பிடித்துக் காட்டினார்.

"மாட்டை கெமுண்டோவோட அப்பா போன்ல காட்டுவாரு. நீங்க பல்லைக் கேளுங்க, அவர் திறந்து காட்டட்டும். அது பெரிசில்லை. இது அஞ்சாவது. இதையும் நாங்க ஒத்துக்குறோம். ஆனா இதைத் தரமாட்டோம்."

"ஒத்துக்கிட்டுத் தரமாட்டீங்களா?"

"தரமாட்டோம். எங்கப்பா எங்கம்மாவுக்குத் தரவேண்டியதுல ஒண்ணு இன்னும் பாக்கி நிக்குது. ரெண்டு பேரும் செத்தாச்சு. எங்க தாய்மாமன் பேரன் போன மாசம்கூட எனக்குப் போன் பண்ணி, 'எங்கடா எங்க மாடு'ன்னு கேட்டான். கேட்டுட்டு, பிள்ளைக எப்படி இருக்குன்னு விசாரிச்சான். எல்லாத்தையும் கொடுத்து முடிச்சிட்டா அவன் எதுக்குப் போன் பண்றான்? நீங்க இங்க இருந்தாலும் சரி, உங்க ஊருல இருந்தாலும் சரி, உங்களுக்கு ஒரு மாடு எங்ககிட்ட நிக்குது. உங்களைத் தேடி நாங்க வரணும். பொண்ணுக்கு ஒண்ணுன்னா அந்த மாட்டைக் கேட்டு உங்க தெருவே எங்க வாசல்ல வந்து நிக்கலாம்."

"இது எப்ப முடியும்?" என்று கேட்டார் ருட்டிலியோ. "எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல கேலி என்று ஒருத்தர் முழங்காலில் தட்டிக்கொண்டார். வில்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கேலியாகக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். மொகாகாவும் அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"புதுப்பிக்க வேண்டியதில்லை ஐயா" என்றார் மெதுவாக. "இதுக்குத் தேதி கிடையாது."

ருட்டிலியோ அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, அதை வாங்காமல், ரேகையில்லாத விரல்நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப அது கிடேரியா இருக்கட்டும்" என்றார்.

"தரப்போற மாடே இல்லையே ஐயா. எதுவா இருந்தா என்ன?"

"தராட்டி என்ன? கன்னு போடுமில்ல" என்றார் அவர்.